வராத பஸ்ஸில் இலவசம் ஏது?

கேள்வி: எங்கள் ஊருக்கு டவுன் பஸ் ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் வருகிறது. கிராமத்துப் போக்குவரத்து சீராக முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கால அட்டவணையை டெப்போவில் உட்கார்ந்து போடாமல், உங்கள் ஊர் ஆலமரத்தடியில் உட்கார்ந்து போட வேண்டும்! பள்ளிக்கூட மணி, ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, பூ மார்க்கெட் ஏலம், இந்த மூன்றுக்கும் பொருந்தாத பஸ் எத்தனை முறை வந்தாலும் வராத மாதிரிதான்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அருமையான திட்டம். ஆனால் பஸ் வந்தால்தானே இலவசம்? பஸ் வராமல் ‘ட்ரிப் கட்’ ஆன அன்று, பூக்கூடையோடு நிற்கும் அக்காவின் பாதி லாபம் ஷேர் ஆட்டோவுக்குப் போகிறது. கூடையில் ஈரத்துணி காயக் காய, மல்லிகை விலையும் இறங்குகிறது.

பெரிய பஸ் திரும்ப இடமில்லாத ஊருக்கு மினி பஸ் இருக்கிறது. 1997இலேயே தொடங்கிய வழி அது. இரவு ஊரிலேயே தங்கி விடியலில் கிளம்பும் ‘நைட் ஹால்ட்’ பஸ் இன்னும் நல்லது. அந்த டிரைவருக்கும் கண்டக்டருக்கும் படுக்க ஓர் அறையும், குளிக்கத் தண்ணீரும் ஊராட்சி கொடுக்கட்டும். அவர்கள் நிம்மதியாகத் தூங்கினால், உங்கள் ஊர் நேரத்தோடு விழிக்கும்!

கிராமசபையில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். பஸ்ஸுக்குக் கை காட்டினால் மட்டும் போதாது, அதைக் கேட்கவும் கை தூக்க வேண்டும்.