கொட்டேஷன் பாடபேதங்கள்: ஒரு சமையலறை மூலபாட ஆய்வு

சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையருக்குக் கிடைத்த ஏடுகள் எவ்வளவுதான் முரண்பட்டாலும், எல்லாம் சீவகனைப் பற்றியவை என்பதில் அவருக்கு ஐயம் எழுந்திருக்காது. இக்கட்டுரையாளருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. வேளச்சேரி அடுக்ககம் ஒன்றின் சமையலறைக்கு மாடுலர் கிச்சன் போடப் பெற்ற மூன்று கொட்டேஷன்களும் ஒரே சுவரைப் பற்றியவைதாமா என்பதே முதல் ஆய்வுச் சிக்கல். சுவரின் நீளம் 10 அடி. மூன்று மூலங்களும் உடன்படும் இடம் இது ஒன்றுதான்.

முதலில் சுவடி விவரம். அ-சுவடி ஷோரூம் மரபைச் சேர்ந்தது. வழவழப்பான வண்ணப் பக்கங்கள், பாதிக்கு மேல் படம். ஆ-சுவடி பட்டறை மரபு. வாட்ஸ்அப்பில் வந்த ஒற்றை வரி, நிறுத்தற்குறி கிடையாது. இ-சுவடி வாய்மொழி மரபு. ஆசாரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சொல்லிக்கொண்டே ஒரு பிளைவுட் துண்டில் குறித்தது. துண்டின் மறுபக்கத்தில் யார் வீட்டு அலமாரிக்கோ போட்ட கணக்கு இருக்கிறது. ஆகவே இரண்டு நூல்களும் ஒன்றோடொன்று கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதைப் பதிப்பாசிரியர் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றையும் ஒப்பிடத் தடையாக நிற்பது விலை அல்ல, அளவை. அ-சுவடி ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்கிறது. ஆ-சுவடி சதுர அடிக்கு. இ-சுவடியில் சதுர அடிக்குக் கூலி மட்டும். ‘மெட்டீரியல் நீங்க வாங்கிக் குடுத்துடுங்க சார்.’ மேடைக்குக் கீழே இரண்டரை அடி உயரம், மேலே சுவரில் இரண்டு அடி, அதற்கும் மேல் லாஃப்ட் இரண்டு அடி என்று வைத்துக்கொள்வோம். முகப்பை அளந்தால் 25 + 20 + 20, ஆக 65 சதுர அடி. ரன்னிங் அடி என்றால் 10. கீழ், மேல், லாஃப்ட் மூன்றையும் தனித்தனி வரிசையாக எண்ணும் உரையாசிரியர்களும் உண்டு. அவர்கள் கொள்கைப்படி 30. ஆசாரி மட்டும் முகப்போடு நிற்காமல், பெட்டிக்குள் போகும் பக்கப்பலகை, தட்டு எல்லாவற்றையும் எட்டுக்கு நாலு ஷீட்டாக எண்ணுகிறார். ஷீட் ஒன்றுக்கு 32 சதுர அடி. எனவே ‘யார் ரேட் கம்மி?’ என்று உறவினர்கள் கேட்கும் கேள்வி ஆய்வு நெறிப்படி செல்லாது. எந்தத் தொகையை எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்று கேட்பதே முறை. கேட்டால் ஷோரூமில் காபி கொடுக்கிறார்கள்.

அடுத்து பாடபேதம். பெட்டியின் மரம் எது? அ-சுவடி ‘பிடபிள்யூபி’ என்கிறது. ஆ-சுவடியில் ‘வாட்டர் புரூப் பிளை சார்’ என்று மட்டும். இ-சுவடி ‘மெரைன் போட்டுரலாம்’ என்கிறது. மூன்றும் ஒரே பொருளைக் குறிப்பதாகக் கொள்வோர் உண்டு, அது பிழை. இந்தியத் தர நிர்ணயத்தில் மெரைன் பிளைவுட்டுக்கு ஐஎஸ் 710 என்று எண் இருக்கிறது. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடாமல் இருந்தால்தான் அந்த முத்திரை. கடையில் ‘கமர்ஷியல்’ என்று கேட்டால் கிடைப்பது ஐஎஸ் 303-இல் வரும் எம்ஆர் ரகம். அது ஈரக் காற்றைப் பொறுக்கும், சிங்குக்குக் கீழே சொட்டும் தண்ணீரைப் பொறுக்காது. ‘வாட்டர் புரூப்’ என்ற பட்டத்துக்கு எண் ஏதுமில்லை. அது சொல்பவரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது. ஷீட்டின் முகத்தில் அச்சடித்த எண்ணைப் பார்த்த பின்புதான் இப்பாடத்தை உறுதி செய்ய முடியும். லேமினேட் ஒட்டிய பிறகு அந்த எண்ணை யாரும் பார்க்க முடியாது. தொழிலில் அவசரம் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

அ-சுவடியின் கடைசிப் பக்கத்தில் நசுங்கிக் கிடக்கும் ஒரு தொடரை இங்கே குறிப்பிட வேண்டும்: ‘அல்லது இணையானது’. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள பிடபிள்யூபிக்கும் ஜெர்மன் கீலுக்கும் இது பொருந்தும். இதை இடைச்செருகல் என்று ஒதுக்கும் துணிவு இக்கட்டுரையாளருக்கு வரவில்லை. மூல ஆசிரியரே எழுதியதற்கான அகச்சான்று வலுவாக உள்ளது.

படங்களைப் பற்றிய இயல் தனி நூலாக விரியத் தக்கது. அ-சுவடியின் 3டி சமையலறையில் கிண்ணம் நிறையப் பச்சை ஆப்பிள் இருக்கிறது. சிலிண்டர் இல்லை. ஒரு கரண்டிகூட இல்லை. தோசைக்கல், இட்லிப் பானை, அஞ்சறைப் பெட்டி எவற்றுக்கும் தடயமில்லை. புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டரை எங்கே வைப்பது என்று என் அத்தை கேட்டபோது, ஷோரூம் இளைஞர், ‘ஆன்ட்டி, அது யூட்டிலிட்டில போயிடும்’ என்றார். அத்தை, ‘போயிடும்னா, தானா போயிடுமாப்பா?’ என்றார். ஆய்வுலகில் இதற்கு இன்றுவரை மறுப்புரை வரவில்லை.

இத்தனைக்கும் இம்மரபின் ஆதிநூல் இப்படியில்லை. 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். அதில் மாவு வைக்கும் இழுப்பறையைப் புழு அண்டாதிருக்க ஓக் மரத்தில் செய்யச் சொன்னார் அந்த அம்மையார். வீட்டில் மாவு இருக்கும், மாவில் புழு வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். வழிநூலார் ஆப்பிளோடு நின்றுவிட்டார்கள்.

சிதைந்த ஏடுகளைப் பற்றிச் சுருக்கமாக: ஜிஎஸ்டி 18% தனி, கைப்பிடி தனி, ஸ்கர்ட்டிங் தனி, வண்டி வாடகை தனி, பழைய கடப்பாக் கல் தட்டை உடைத்து அள்ளுவது யார் பொறுப்பு என்ற இடம் எல்லாப் படிகளிலும் செல்லரித்துள்ளது.

இந்நிலையில் கட்டுரையாளர் மேற்கொண்ட முறை, சுவடிகளைத் திருத்துவதை விட்டு மூலபாடத்தைத் தாமே எழுதுவது. பெட்டி எத்தனை, எந்த எண்ணுள்ள பிளை, கீல் எந்தக் கம்பெனி, டேண்டம் டிராயர் எத்தனை, வரி உள்ளிட்டு மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் வரிசை போட்டு, விலைக் கட்டத்தைக் காலியாக விட்டு, மூவருக்கும் கொடுத்தாயிற்று. ஷோரூமில், ‘எங்க ஃபார்மட்லதான் சார் குடுக்க முடியும், சிஸ்டம் எடுக்காது’ என்றார்கள். பட்டறைக்காரர் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினார். அது ஒப்புதலா, முற்றுப்புள்ளியா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. ஆசாரி மட்டும் தாளை வாங்கி, வரி வரியாக விரலை ஓட்டி, எல்லாக் கட்டத்தையும் நிரப்பினார். பிறகு பட்டியலில் இல்லாத ஒரு வரியைக் கீழே தானாகச் சேர்த்தார்: ‘கிரைண்டர் பலகை, வெளிய இழுக்குற மாதிரி.’

ஒப்புநோக்கு முடிவதற்குள் அ, ஆ இரண்டின் விலைக்கும் கெடு தீர்ந்துவிட்டது. புதிய பதிப்புகள் வந்துள்ளன. அ-சுவடியில் ‘அல்லது இணையானது’ இப்போது கிரானைட் வரியிலும் ஏறியிருக்கிறது. ஆசாரி பழைய விலையையே சொல்கிறார். தீபாவளிக்கு முன்னால் மட்டும் கேட்கக் கூடாதாம்.