பிளசர் புராணம்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் மனிதர்கள் இரண்டே வகை. எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் ஒரு வகை, தேய்த்துக்கொள்ளக் காத்திருப்பவர்கள் இன்னொரு வகை. ஜமீன்தாரானாலும் ஜவுளிக்கடைச் சிப்பந்தியானாலும் பேரருவிக் கரையில் இடுப்புத் துண்டோடு உட்கார்ந்துவிட்டால் யார் காரில் வந்தார், யார் கட்டைவண்டியில் வந்தார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பேச்சை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காரைப் பற்றி யார் மூச்சுவிடாமல் பேசுகிறாரோ அவரிடம் கார் இருக்காது.

எங்கள் பெரியப்பாவிடம் கார் இல்லை. ஒரு சைக்கிள் இருந்தது. அதற்கும் பெல் இல்லை. ஆனால் செவர்லே கட்சிக்குத் தென்காசி வட்டாரத்தில் அவர்தான் தலைவர். ஃபோர்டு கட்சியைத் தமிழ் வாத்தியார் ஒருவர் நடத்திவந்தார். டாட்ஜ் கட்சி, ஜமீன் வீடுகளில் வண்டி ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர் அண்ணாச்சியுடையது. மூவரில் ஸ்டியரிங்கைத் தொட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால் மற்ற இருவரும் அவர் பேச்சை நம்புவதே இல்லை. எழுபதுகளின் கடைசியில், ஒவ்வொரு ஆடி மாதமும், உலகத்திலேயே உசந்த அமெரிக்கன் பிளசர் எது என்ற வழக்கு அருவிக்கரையில் விசாரணைக்கு வரும். துண்டையும் எண்ணெய்ப் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அதனால் நான் கண்கண்ட சாட்சி.

பிளசர் என்றால் என்னவென்று பட்டணத்துக்காரர்கள் முழிக்கக்கூடும். இங்கிலீஷ்காரன் 'பிளஷர் கார்' என்று சொன்னதில் எங்கள் ஊர் 'கார்' என்பதைக் கழித்துவிட்டு 'பிளஷர்' என்பதை வைத்துக்கொண்டது. நியாயந்தானே? கார் இல்லாவிட்டால் போகிறது, சந்தோஷமாவது மிஞ்சட்டும். அதேபோலத்தான் டிக்கியும். வண்டியின் பின்னால் வேலைக்காரர்கள் உட்கார வைத்திருந்த இருக்கைக்கு டிக்கி சீட் என்று பெயர். நாம் சீட்டை எடுத்துவிட்டு அங்கே வாழைத்தாரைப் போட்டோம். ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரிலிருந்த ஒரு தெருவின் பெயர். அங்கே 1904-ல் மாற்றுச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அந்தத் தெரு இன்றைக்கும் நம் எல்லா வண்டிகளிலும் பஞ்சராகிக் கிடக்கிறது.

இந்த அருவிக்கரை மன்றத்துக்கு முன்னோடி உண்டு. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்தபோது அவர் வீட்டுச் சபைக்கு ராஜாஜியும் கல்கியும் விருந்தாளிகள். டி.கே.சி. கம்பராமாயணத்தில் ஒரு பாட்டைப் பாடிப் பார்ப்பார். தாளம் இடறினால், "இது கம்பன் பாட்டு இல்லை, எவனோ செருகிவிட்டான்" என்று கழற்றி எறிந்துவிடுவார். பண்டிதர்கள் கொதித்தார்கள். எங்கள் டிரைவர் அண்ணாச்சியும் அதே பள்ளிதான். எந்த வண்டியானாலும் பானட்டைத் தூக்கி ஒருதரம் காது கொடுப்பார். "கார்ப்பரேட்டர் ஒரிஜினல் இல்லவே. இடைச்செருகல்!"

முதல் வாதம் வாத்தியாருடையது. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி. 1908-லிருந்து 1927 வரை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வண்டிகள். 850 டாலரில் தொடங்கிய விலை, போகப்போக முன்னூறுக்கும் கீழே இறங்கியது. 1914-லிருந்து 1925 வரை கறுப்பு ஒன்றே நிறம். "கறுப்பசாமி மாதிரி. காவலுக்கும் ஆச்சு, கும்பிடவும் ஆச்சு" என்பார் வாத்தியார். ஆனால் அவர் உருகுவது வேறு விஷயத்துக்கு. மாடல் டி-யில் பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில். பம்பு கிடையாது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதுபோல் பெட்ரோல் தானாக வடிந்து என்ஜினுக்குப் போக வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு மேலே தூக்கிக்கொண்டால், டாங்கியில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நேரத்தில் என்ஜினுக்குச் சொட்டுக்கூட வராது. என்ன செய்வது? வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் மலையேற வேண்டும். அமெரிக்காவில் அப்படித்தான் ஏறினார்கள்.

"கயிலாயத்துக்குக் காலால போனா மரியாதக் கொறவுன்னு தலையாலயே நடந்து போனாளே, அவ பேரு என்ன? காரைக்கால் அம்மையார். பேருலயே கார் இருக்கு பாத்தேரா!" என்பார் வாத்தியார்.

இதற்குப் பெரியப்பாவிடம் பதில் இருந்ததில்லை. அதனால் சத்தத்தைக் கூட்டுவார். செவர்லே என்று சொல்லவே மாட்டார். கடைசி எழுத்தையும் கூலி கொடுக்காமல் விடக்கூடாது என்ற வைராக்கியத்தில் 'செவர்லெட்டு' என்பார். லூயி செவர்லே ஸ்விட்சர்லாந்தில் பிறந்த பந்தயக்காரர். 1911-ல் கம்பெனி தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே கூட்டாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார். பெயர் மட்டும் லட்சக்கணக்கான வண்டிகளின் நெற்றியில் ஊர் சுற்றியது, அவர் கையில் பெரிதாகக் காசு இல்லை. இந்த இடத்தில் பெரியப்பாவுக்குத் தொண்டை கரகரக்கும். பங்காளிச் சண்டையில் வயலை இழந்தவர் அவர்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு சரித்திரத்துக்கு வருவார். 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் செவர்லேயைப் பூட்டத் தொடங்கியது. பெட்டியில் வரும் உதிரிகளை முடுக்கி விற்கும் வியாபாரம். அந்தக் கம்பெனி வண்டிகளை மதுரையிலிருந்து தென்பாண்டி முழுவதும் விற்றவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். பிறந்த ஊர் நம் திருக்குறுங்குடி. "பெருமாள் ஊர்க்காரர் வித்த வண்டிவே அது, பிரசாதம் மாதிரி!" அந்தக் காலத்துச் சாலையில் காருக்கு முதல் எதிரி காளைமாடு. அதன் லாட ஆணி உதிர்ந்து ஊர்பட்ட டயர் பஞ்சராகும். அந்த ஆணிகளைப் பொறுக்கவே ஐயங்கார் காந்தம் பூட்டிய வண்டி ஒன்றை ஓடவிட்டார் என்று சொல்வார்கள். டெட்ராய்ட்டில் ஆயிரம் இன்ஜினியர்கள் இருந்தார்கள். ஒருவனுக்காவது லாட ஆணி ஞாபகம் வந்ததா?

உலக யுத்தம் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். வண்டியின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அந்தக் கேஸில் ஓட்டினார்கள். டி.வி.எஸ். அந்தக் கரிகேஸ் கலத்தையும் செய்து விற்றது. எட்டு சிலிண்டர் ஃபோர்டும் ஆறு சிலிண்டர் செவர்லேயும் டீக்கடை பாய்லரைச் சுமந்த கழுதைகளாக நின்றதைத் தாம் பார்த்ததாக டிரைவர் அண்ணாச்சி சொல்வார். "காலைல அஞ்சு மணிக்கு ஊத ஆரம்பிச்சாத்தான் ஏழு மணிக்கு வண்டி எந்திரிக்கும். நான் அப்போ டிரைவரா, தவசுப்பிள்ளையான்னு எனக்கே தெரியாது."

இனி எல்லை விவகாரம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. பிரானூரை இன்றைக்கும் பார்டர் என்றுதான் சொல்கிறோம். எல்லை நகர்ந்து போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, பார்டர் புரோட்டா மட்டும் பழைய இடத்திலேயே காவல் நிற்கிறது. திருவிதாங்கூரில் காசுக்குச் சக்கரம் என்று பெயர். கை நிறையச் சக்கரம் வைத்திருந்த எஸ்டேட் முதலாளிகள் நாலு சக்கரம் வாங்கிக்கொண்டு ஆரியங்காவு வழியாகச் சாரலுக்கு இறங்கினார்கள். படகுக் கார்கள். முன்சீட்டு ஒரு திண்ணை, பின்சீட்டு ஒரு கல்யாண மண்டபம்.

அந்தப் படகுகளுக்கு ஒரு குணம். அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகள் பலவற்றில் வைப்பருக்கு மோட்டார் கிடையாது. என்ஜின் உறிஞ்சும் காற்றிலேதான் வைப்பர் ஆடும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் உறிஞ்சல் குறையும், வைப்பர் படுத்துவிடும். காலை எடுத்தால் வைப்பர் துள்ளும், ஆனால் வண்டி நின்றுவிடும். அதாவது மழையில் மலையேறும்போது ஒன்று போகலாம், அல்லது போகிற வழியைப் பார்க்கலாம். இரண்டும் ஒருசேர வேண்டுமென்றால் டெட்ராய்ட்டில் மழை பெய்திருக்க வேண்டும். குற்றாலச் சாரலைக் கண்டிருந்தால் அங்கிருந்த இன்ஜினியர் வைப்பரை இப்படி வடிவமைத்திருப்பானா?

புளியரை ஏற்றத்தில் ஒருநாள் அப்படி ஒரு படகு சொட்டச் சொட்ட நின்றது. பெரியப்பாவோடு நானும் இறங்கித் தள்ளினேன். அது எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் பயனில்லை. அன்று சாயங்காலமே மூன்று கட்சிக்காரரும் அது எதிர்க்கட்சி வண்டிதான் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

துடுப்பு வைத்த கார்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1948-ல் போர் விமானத்தின் வாலைப் பார்த்து கேடிலாக் சின்னதாக முளைவிட்டது. 1959-ல் அது ஆளுயரக் கொம்பாயிற்று. வாத்தியார் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்: "நம்ம தென்காசிக் கோபுரம் இடி விழுந்து ரெண்டா பொளந்து நூறு வருசத்துக்கு மேலா நிக்குல்லா, அதப் பாத்துக் காப்பியடிச்சிருக்கான்." (கோபுரத்தை 1990-ல் ஒன்பது நிலையாகக் கட்டிவிட்டோம். அமெரிக்காக்காரன் தன் துடுப்பை அதற்கு ரொம்ப முன்பே வெட்டிவிட்டான்.) இம்பாலாவுக்கும் ஒரே சாட்சி போதும். எம்.ஆர். ராதா தம் இம்பாலாவில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றினார் என்று தமிழ்நாடே சொல்லும். அந்தக் காருக்கு அதைவிடப் பெரிய விமர்சனத்தை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

உண்மையான ரத்தக்களரி ஃபோர்டுக்கும் செவர்லேக்கும் நடுவில் நடக்கவில்லை. ஐம்பதுகளின் நடுவிலேயே, இங்கேயே உற்பத்தி செய்யாவிட்டால் இடத்தைக் காலிபண்ணு என்று சர்க்கார் சொன்னதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பெட்டியைக் கட்டிவிட்டன. மிஞ்சியது வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் கம்பெனி. பம்பாய் குர்லாவில் அவர்கள் பூட்டிய டாட்ஜ், டி சோட்டோ, பிளைமூத் மூன்றுக்கும் நடுவில்தான் தென்காசி தாலுகா மூன்றாகப் பிரிந்து கிடந்தது.

டாட்ஜ் வைத்திருந்தவன் டி சோட்டோ வீட்டில் பெண் எடுக்கமாட்டான். டி சோட்டோ, மிசிசிப்பி ஆற்றங்கரையை 1541-ல் எட்டிய ஸ்பானியத் தளபதியின் பெயர். ஆகவே சத்திரிய வண்டி. பிளைமூத் என்ற பெயர் அமெரிக்க விவசாயிகள் கதிர்க்கட்டுக்குப் பயன்படுத்திய கயிற்றின் பெயரைப் பார்த்து வைத்தது என்று ஒரு கதை உண்டு. ஆகவே சம்சாரி வண்டி. டாட்ஜின் பானட் நுனியில் பாய்ந்து நிற்கும் செம்மறிக்கடா. முருகனுக்கும் கடா வாகனம் உண்டு. ஆகவே அது சாமி வண்டி. டாட்ஜின் இழுவைக்கு டி சோட்டோ உறை போடக் காணாது என்று அண்ணாச்சி தொடையில் தட்டுவார். எண்ணெய் தெறிக்கும்.

ஒருநாள் இந்தத் தட்டல் உச்சத்தில் இருந்தபோது, அண்ணாச்சியின் முதுகைப் பிசைந்துகொண்டிருந்தவர் வாயைத் திறந்தார். இளவயதில் மதுரையில் ஒர்க்ஷாப்பில் கையாளாக இருந்தவராம்.

"மூணும் ஒண்ணுதான் அண்ணாச்சி."

"என்னது?"

"மூணும் பிளைமூத்து. இங்க வந்ததுல என்ஜினு, சேசிஸு, கதவு எல்லாம் ஒண்ணு. முன்னாடி கிரில்லும் பேரும்தான் வேற. ஒண்ணோட சாமானக் கழட்டி இன்னொண்ணுல நானே போட்டிருக்கேன்."

அருவி ஒன்றுதான் சத்தம் போட்டது. அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. ஏற்றுமதிக்கென்று கிறைஸ்லர் கம்பெனி பிளைமூத்துக்கே டாட்ஜ் கிங்ஸ்வே என்றும் டி சோட்டோ டிப்ளமாட் என்றும் நாமகரணம் செய்து அனுப்பியது. மூன்று கட்சி, மூன்று ஜாதி, முப்பது வருஷத்துப் பகை, எல்லாம் ஒரே தட்டைத்தலை ஆறு சிலிண்டருக்கு!

முதலில் சுதாரித்தது வாத்தியார். "இதுல அதிசயப்பட என்னவே இருக்கு? பின்னால திரும்பிப் பாரும்" என்று குற்றாலநாதர் கோயிலைக் காட்டினார். தலபுராணப்படி அது முதலில் பெருமாள் கோயில். சிவனடியாராக வந்த அகத்தியரை உள்ளே விடவில்லை. அவர் இலஞ்சிக் குமாரனிடம் போய் யோசனை கேட்டு, நாமம் போட்டு வைஷ்ணவராக வந்தார். உள்ளே நுழைந்ததும் பெருமாள் தலையில் கையை வைத்து ஓர் அழுத்து. நின்ற மூர்த்தி குறுகிச் சிவலிங்கமாகிவிட்டது. அந்த அழுத்தலில் வந்த தலைவலிக்குத்தான் இன்றைக்கும் சுவாமிக்கு மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள்.

"கிறைஸ்லர்காரன் கிரில்ல மட்டுந்தான் மாத்துனான். அகத்தியர் சேசிஸையே மாத்தினாரு" என்றார் வாத்தியார். அண்ணாச்சி அன்று முழுவதும் பேசவில்லை. அவருக்கும் தலைவலி. அதே எண்ணெயைத் தலையிலும் வைத்துக்கொண்டார்.

வழக்கு அதோடு தள்ளுபடியாகியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த ஆடியில் அண்ணாச்சி புதுத் தெம்போடு வந்தார். பாவூர்சத்திரம் சந்தைக்குத் தேங்காயும் காய்கறியும் ஏற்றிப்போகிற ஒரு பழைய டாட்ஜைக் கண்டுபிடித்துவிட்டாராம். அசல் டாட்ஜ். பானட்டில் கடா அப்படியே பாய்ந்து நிற்கிறது, குங்குமப் பொட்டோடு. நாங்கள் நாலு பேரும் பார்க்கப் போனோம். பெட்ரோல் என்ஜின் போய் மட்டடோர் வேனின் டீசல் என்ஜின் வந்திருந்தது. பின்சீட்டுக் கல்யாண மண்டபம் போய்ச் சாக்கு விரித்திருந்தது. ஒரு கதவுக்குக் கயிறு. அண்ணாச்சி எதையும் பார்க்கவில்லை. கடாவை மட்டும் துண்டால் துடைத்தார்.

"டாட்ஜு டாட்ஜுதாம்லா?" என்றார் வண்டிக்காரரிடம்.

"இது டி சோட்டோ அண்ணாச்சி. முன்ன இதுல எவனோ ஒருத்தன் தல இருந்துச்சு. ராத்திரில பாத்தா பிள்ளைக பயப்படுது. அதான் அதக் கழட்டிட்டு, பழைய இரும்புக் கடைல இந்தக் கடா கெடச்சுது, பத்த வச்சிட்டேன்."