டாபர்மேன் வளர்க்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். காலை 8 மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரவு 7 ஆகிவிடும். டாபர்மேன் குட்டி வாங்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் அபோல்டா ஊரில், வரி வசூலிக்கப் போன லூயிஸ் டாபர்மேன் தனக்குத் துணையாக உருவாக்கிய இனம் இது. ஆளை விட்டு அகலாமல் ஒட்டிக்கொள்வதுதான் அதன் பிறவிக்குணம். 11 மணி நேரம் பூட்டிவைத்தால் உங்கள் சோபாவிடம் வரி வசூலித்துவிடும்! அதுவும் 3 மாதக் குட்டியால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது, பாவம். பகலில் அம்மாவோ மாமியாரோ வீட்டில் இருந்து, காலையும் மாலையும் நன்றாக ஓடவிட நீங்களும் தயார் என்றால் தாராளமாக வாங்குங்கள். தாய், தந்தை நாய்களின் இதயப் பரிசோதனை அறிக்கையைக் கட்டாயம் கேளுங்கள். இந்த இனத்துக்கு இதயத்தசை நோய் அதிகம் வரும்.