வள்ளம் வேற, வலை ஒண்டு

மோனை, இஞ்சை வந்து இரு. நேற்றுப் பின்னேரம் நீயும் உன்ர கூட்டாளியும் போட்ட சண்டை உவர்மலை முழுக்கக் கேட்டது. கோட் தேடுறதுக்கு விஎஸ் கோட் திறமெண்டு நீ, நியோவிம் திறமெண்டு அவன். நான் பள்ளிக்கூடப் பக்கம் மழைக்கும் ஒதுங்காதவன். ஆனா மூத்த பேத்தி படிக்கேக்குள்ள பக்கத்திலை இருந்து கேட்டதொண்டும் மறக்கேல்லை.

2017 இலை இருந்து விஎஸ் கோட் ஃபோல்டர் முழுக்கத் தேடேக்குள்ள உள்ளுக்கை ஓடுறது ரிப்கிரெப். அன்ட்ரூ கலன்ட் எண்டவர் 2016 இலை வெளியிட்டது. உன்ர கூட்டாளி நியோவிமிலை போட்டிருக்கிற டெலஸ்கோப்பும் அதைத்தான் கூப்பிடுது. ஒரே வலையை ரெண்டு வள்ளத்திலை ஏத்திப்போட்டு, ஆரின்ர வலை பெரிசெண்டு அடிபடுற சம்மாட்டியளை நான் சாம்பல்தீவிலையும் காணேல்லை.

ரிப்கிரெப் ஒரு கரைவலை, ராசா. கொமென்டுக்கை கிடக்கிறது, மேற்கோளுக்கை கிடக்கிறது எல்லாம் சூடையோட சொறியும் சாதாளையுமா மடியிலை வரும். கிட்இக்னோரிலை எழுதின கோப்பு வராது. அதைத் தெரியாமல் 'கோட் துலைஞ்சு போச்சு' எண்டு கத்தாதை.

ஒரு ஃபங்ஷனை ஆரார் கூப்பிடுறாங்கள் எண்டு அறிய 'ஃபைன்ட் ஆல் ரெஃபரன்சஸ்' அமத்து. அது எழுத்தைப் பாக்கிறேல்லை, கோடின்ர கருத்தைப் பாக்குது. அதுக்குப் பின்னாலை நிக்கிறது மைக்ரோசொஃப்ட் 2016 இலை அறிவிச்ச லாங்குவேஜ் சேர்வர் முறை. நியோவிமுக்கு 2021 இலை உள்ளுக்கையே வந்திட்டுது. இதிலையும் நீங்கள் ரெண்டு பேரும் சோடிதான். இன்டெலிஜே எண்ட எடிட்டர்காரன் தனியா இன்டெக்ஸ் போட்டு வைச்சுக்கொண்டு பேசாமல் இருக்கிறான். பெரிய கோட்டைத் திறந்தா, அது இன்டெக்ஸ் போட்டு முடிக்கிறதுக்குள்ள நீ தேத்தண்ணியும் குடிச்சு வம்பும் அளந்திட்டு வரலாம்.

இனி எங்கட ஊர்க்கதை. உன்ர ஆப்பிலை 'திருகோணமலை' எண்டு தேடிப் பார். யூனிகோடிலை 'கோ'வின்ர ஓகாரக் குறியை ஒரே குறியீடா எழுதலாம். முன்னுக்கு ஏகாரக் கொம்பு, பின்னுக்குக் கால் எண்டு ரெண்டாவும் எழுதலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்டு, ரிப்கிரெப்புக்கு வேற வேற. நீ ஒரு மாதிரி, கூட்டாளி மற்ற மாதிரி அடிச்சிருந்தா அரைவாசித் திருகோணமலை மடிக்கை வராது. சேமிக்க முந்தி என்எஃப்சி முறையிலை ஒண்டாக்கு.

கடைசியா ஒண்டு. உன்ர கோட்டை எட்டிப் பாத்தனான். டேட்டா, டேட்டா2, டேட்டாஃபைனல், டேட்டாஃபைனல்2. உதை வைச்சுக்கொண்டு எந்த எடிட்டரிலை எதைத் தேடப் போறாய்? பேர் வைக்க எடிட்டர் தேவையில்லை, புத்திதான் தேவை. அதை எங்கை டவுன்லோட் பண்ணுறதெண்டு எனக்கும் தெரியாது மோனை, கூட்டாளியைக் கேட்டுப் பார்.