ஒல்லிபேசியார் இயல்

கைப்பேசி வாங்குவோர் பலவகையினர். தீபாவளித் தள்ளுபடிக்காகப் புரட்டாசி முழுவதும் உடைந்த திரையையே விரல் கீறாமல் தடவிக் காலம் தள்ளுவோர், கேமராவின் மெகாபிக்சலை விலையால் வகுத்துக் கணக்குப் பார்ப்போர், துபாயிலிருந்து மருமகன் கொடுத்தனுப்பியதை வாங்கி அதன் பெயரைக்கூடக் கேளாமல் வைத்துக்கொள்வோர் என நீளும் இவ்வரிசையில் மிக அண்மையில், 2025ஆம் ஆண்டில், வந்து சேர்ந்தவர் ஒல்லிபேசியார். ஒரு கைப்பேசியின் மேன்மையை அதன் தடிமன் எவ்வளவு குறைவு என்பதைக்கொண்டு மட்டுமே அளப்பவர், அந்தக் குறைவுக்காக வேறு எதையும் விட்டுக்கொடுக்கச் சித்தமாயிருப்பவர், விட்டுக்கொடுத்த பொருள் தமக்கு எக்காலத்திலும் தேவைப்பட்டதே இல்லை என்று நிறுவவும் வல்லவர் என்பது அவருக்குரிய இலக்கணம். இவற்றுள் கடைசிக் கூறு இல்லாதவரை ஒல்லிபேசியார் என ஏற்பதற்கில்லை. அவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் புலம்பும் சாதாரண வாடிக்கையாளர்.

இவ்வகையினர் தோன்றுவதற்கு ஏதுவாயிருந்தவை இரண்டு கைப்பேசிகள். அவ்வாண்டு மே மாதம் சாம்சங் நிறுவனம் 5.8 மி.மீ. தடிமனில் கேலக்ஸி எஸ்25 எட்ஜ் என்பதையும், செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் 5.6 மி.மீ. தடிமனில் ஐபோன் ஏர் என்பதையும் அறிமுகப்படுத்தின. பின்னதற்கு இந்தியாவில் குறிக்கப்பட்ட தொடக்க விலை ரூ.1,19,900. மனித குலம் இதற்கு முன் இத்தகைய மெலிவைக் கண்டதில்லை என்பது ஒல்லிபேசியாரின் துணிபு. ஆனால் 2014ஆம் ஆண்டிலேயே விவோ எக்ஸ்5 மேக்ஸ் 4.75 மி.மீ. தடிமனிலும் ஓப்போ ஆர்5 4.85 மி.மீ. தடிமனிலும் வெளிவந்துவிட்டன, அவற்றுள் விவோவில் காதில் மாட்டும் ஒயருக்கான 3.5 மி.மீ. துளையும் இருந்தது. அந்தப் போட்டி சில ஆண்டுகளில் ஓய்ந்ததற்குக் காரணம், மெலிந்த உடலுக்குள் சிறிய மின்கலமே அடங்கியதும், பெரிய மின்கலமும் பெரிய கேமராவும் வேண்டும் என்று வாங்குவோர் கேட்கத் தொடங்கியதும் ஆகும். இதை எடுத்துரைத்தால், “அதெல்லாம் அந்தக் காலத்து போன் சார்” என்று ஒல்லிபேசியார் ஒரே வீச்சில் பத்தாண்டு வரலாற்றைத் தள்ளிவிடுவார்.

அவரை அடையாளம் காண்பது எளிது. மற்றவர்கள் மேசையில் கைப்பேசியைத் திரை மேலே தெரியக் கிடத்துவர். அவரோ அதன் விளிம்பு எதிரில் இருப்பவரின் கண்மட்டத்துக்கு வருமாறு இரண்டு விரல்களால் நிமிர்த்திப் பிடித்தபடியே பேசுவார். எதிராளி கேட்காவிட்டால், ஒரு குறுஞ்செய்தியைக் காட்டும் சாக்கில் அதை அவர் உள்ளங்கையில் வைப்பார். “புடிச்சுப் பாருங்க, ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும்” என்று சொல்லிவிட்டு, எதிராளியின் முகத்தில் வியப்பு உதிக்கும்வரை காத்திருப்பார். அது உதிக்கத் தாமதமானால், அவருடைய பழைய பேசியை இன்னொரு கையில் ஏந்தச் செய்து தராசு முறையில் உணர்த்துவார். இந்தச் சடங்கில் ஓரளவு நியாயம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். எட்ஜ் 163 கிராம், ஏர் 165 கிராம். 233 கிராம் எடையுள்ள ஐபோன் 17 புரோ மேக்ஸை இரவில் மல்லாந்து படித்துக்கொண்டே முகத்தின்மேல் போட்டுக்கொண்டவர்களுக்கு இவ்வேறுபாட்டின் அருமை தெரியும். ஆனால் அந்தச் சுகம் எடையினால் வருவதேயன்றித் தடிமனால் வருவதன்று. ஏறக்குறைய 8 மி.மீ. தடிமனுள்ள சாதாரண ஐபோன் 17 வெறும் 177 கிராம்தான் என்பதும், திரையின் அளவு ஒருபுறமிருக்க, தாம் செலவிட்டது அந்தப் பன்னிரண்டு கிராமைக் குறைப்பதற்கே என்பதும் ஒல்லிபேசியாரிடம் பேசக் கூடாத செய்திகள்.

இனி, மெலிவுக்கு அவர் கொடுக்கும் விலையைக் காணலாம். கைப்பேசியின் உட்புறத்தில் மிகுதியான இடத்தைப் பிடிப்பது மின்கலம். அது தேக்கும் மின்னூட்டத்தை மில்லி ஆம்பியர் மணி என்னும் அலகால் குறிப்பர். சாம்சங்கின் எஸ்25 பிளஸ், எஸ்25 எட்ஜ் ஆகிய இரண்டுக்கும் திரை 6.7 அங்குலமே, முன்னது 7.3 மி.மீ. தடிமனில் 4,900 அலகு கொள்ள, பின்னது 5.8 மி.மீ. தடிமனில் 3,900 அலகே கொள்கிறது. அதாவது ஒன்றரை மி.மீ. செதுக்கியதற்கு ஆயிரம் அலகு போயிற்று. காலையில் நூறு விழுக்காட்டோடு வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒல்லிபேசியார், மாலை நான்கரை மணியளவில் மெல்ல வேறொருவராக மாறுகிறார். திரையின் வெளிச்சத்தைக் குறைக்கிறார். மின்சிக்கன முறையை இயக்குகிறார். நண்பர்கள் அனுப்பும் காணொளிகளைத் திறவாமலே சிரிப்புப் பொம்மையைப் பதிலாக அனுப்புகிறார். எழும்பூர் ரயில் நிலையத்தில் அவர் நிற்குமிடம் பெட்டி வந்து நிற்கும் இடத்தைக்கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை, பிளக் இருக்கும் தூணைக்கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. அங்கே அவருக்கு முன்பே நின்றுகொண்டிருப்பவரும் பெரும்பாலும் அவர் இனத்தவரே. இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள்.

இக்குறையை நிறுவனமே முன்னுணர்ந்திருந்தது என்பதுதான் சுவையான பகுதி. ஐபோன் ஏர் அறிமுகமான அன்றே, அதன் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் தனி மின்கலப் பொதி ஒன்றையும் அமெரிக்காவில் 99 டாலர் விலையில் ஆப்பிள் அறிவித்தது. அதைப் பிரித்து ஆராய்ந்த ஐஃபிக்ஸிட் என்னும் பழுதுநீக்கு நிறுவனத்தார், கைப்பேசிக்குள் இருக்கும் அதே மின்கலமே பொதிக்குள்ளும் இருக்கக் கண்டனர். ஒரே மின்கலத்தை இருமுறை விலை கொடுத்து வாங்கினாலும் இரண்டாவதிலிருந்து கைப்பேசிக்கு ஏறுவது 65 விழுக்காடு வரைதான் என்று நிறுவனமே சொல்கிறது. கம்பியின்றி மின்னேற்றும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாவதே அதற்குக் காரணம். பொதியை ஒட்டியபின் கைப்பேசி சாதாரண ஐபோனைக் காட்டிலும் தடித்துவிடுகிறது. ஒல்லிபேசியார் இதனால் கலங்குவதில்லை. தடிமன் என்பது கழற்றக்கூடியதாக இருக்கும்போது அது தடிமனே அன்று என்பது அவர் கொள்கை.

கழற்ற முடியாத தடிமனும் ஒன்று உண்டு. கேமராவில் ஒளியை ஏற்கும் சில்லுக்கு உணரி என்று பெயர். உணரி பெரிதாக இருந்தால் இருட்டிலும் படம் தெளிவாக விழும். ஆனால் உணரி பெரிதாகப் பெரிதாக, அதற்கு மேலே வில்லைகளை நிறுத்த வேண்டிய தொலைவும் கூடும். இது ஒளியியல் விதி. எந்தப் பொறியாளரின் கெஞ்சலுக்கும் அது இரங்குவதில்லை. ஆகவே ஐபோன் ஏரின் தலைப்பகுதியில் ஒரு மேடு எழுந்தது. அவ்விடத்தில் அளந்தால் தடிமன் ஏறத்தாழ இருமடங்காகும். அந்த மேட்டின் மேலும் ஒரே ஒரு கேமராதான். தொலைவில் உள்ளதை இழுத்துக் காட்டும் வில்லையும் இல்லை, கல்யாண மண்டபத்தில் பின்வாங்காமலே முழுக் குடும்பத்தையும் அடக்கும் அகல்கோண வில்லையும் இல்லை. குழுப்படம் எடுக்கும் பொறுப்பு தம்மிடம் வந்தால் ஒல்லிபேசியார் சமையற்கட்டு வாசல்வரை பின்னால் நடந்து போவார். அங்கிருந்தும் பெரியப்பா படத்துக்குள் வராவிட்டால், சித்தப்பா மகனின் இருபதாயிரம் ரூபாய் பேசியைக் கேட்டு வாங்குவார்.

மேட்டினால் எழும் மற்றொரு சங்கடம் சென்னை ரிச்சி தெருவின் உறை விற்கும் கடைகளில் வெளிப்படும். உறையே போடாமல் வைத்துக்கொள்வதாகச் சபதம் செய்து வாங்கிய அவர், வாங்கிய வார இறுதியிலேயே அங்கு வந்து நிற்கிறார். கடைக்காரர் பேசியை வாங்கிக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து ஓர் ஓரத்தை விரலால் தட்டுகிறார். மேடு உயர்ந்திருப்பதால் அது எதிர்ப்பக்கம் எழும்பி மீண்டும் அமர்கிறது. “ஆடுது பாருங்க சார். இப்படியே டேபிள்ல வச்சா கேமரா கண்ணாடி கீறிடும். கவர் போட்டுட்டா சமமா உக்காரும்” என்கிறார் அவர். எத்தனை மெல்லிய உறை இருக்கிறது என்று ஒல்லிபேசியார் கேட்க, ஒன்றின்பின் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு உறைகள் பலகையில் பரப்பப்படுகின்றன. மெல்லியதைப் போட்டால் மேடு இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மேட்டை மறைக்கும் உறையைப் போட்டால் பக்கத்துக் கடையில் முப்பதாயிரத்துக்கு விற்கும் பேசிக்கும் இதற்கும் வேறுபாடு தெரிவதில்லை. கடைசியில் தேர்ந்தெடுக்கப்படுவது தடித்த உறைதான், ஆனால் ஒளி ஊடுருவும் வகை. உள்ளே இருப்பது ஒல்லியானது என்பதாவது காண்போருக்குத் தெரியட்டும் என்பது அதன் நோக்கம். அதன்மேல் ‘டெம்பர்ட் கிளாஸ்’ எனப்படும் காப்புக் கண்ணாடியும் ஒட்டப்படுகிறது.

வளைந்துவிடுமோ என்னும் அச்சம் தனியே ஆராயத்தக்கது. ஒரு தகடு வளைவை எதிர்க்கும் விறைப்பு அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்தது. அதாவது 8 மி.மீ. இருந்ததை 5.6 மி.மீ. ஆக்கினால் தடிமன் குறைவது 30 விழுக்காடே ஆயினும், மற்றவை மாறாதிருந்தால் விறைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 2014இல் வெளிவந்த ஐபோன் 6 பிளஸ் சிலருடைய கால்சட்டைப் பைகளில் வளைந்ததாக எழுந்த கூச்சல் உலகறிந்தது. மறு ஆண்டே ஆப்பிள் உறுதியான வேறு அலுமினியக் கலவைக்கு மாறியது. ஐபோன் ஏரின் சட்டகம் டைட்டானியத்தால் ஆனது என்பதால் அது எளிதில் வளைவதன்று. ஆயினும் ஒல்லிபேசியார் பின்பையில் அதை வைப்பதில்லை, சட்டைப்பையில் வைத்தபடி குனிவதில்லை, பேருந்தில் உட்காருமுன் அதை வெளியே எடுத்துவிடுகிறார். எவ்விடத்திலும் தெரியாமல் அடங்கிவிடும் என்று வாங்கிய பொருள் இவ்வாறு நாள் முழுவதும் அவர் கையிலேயே தங்கிவிடுகிறது. அவருக்கு அதில் வருத்தம் இருப்பதாகவும் தெரியவில்லை.

ஐபோன் ஏரில் ஒலிபெருக்கி மேற்புறத்தில் ஒன்றே ஒன்று இருப்பதால் இளையராஜாவின் வயலின்கள் அனைத்தும் அவருக்கு ஒரே மூலையிலிருந்து கேட்கின்றன. சிம் அட்டை செருகும் இடமும் இல்லை. உள்ளே பதித்த சில்லில் எண்ணை இறக்கிக்கொள்ளும் இ-சிம் முறைதான். மின்னூட்டம் தீர்ந்த வேளையில் சிம்மைக் கழற்றி அப்பாவின் பட்டன் போனில் போட்டுப் பேசும் பழைய உபாயம் இதனால் அவருக்கு இல்லாமற் போயிற்று. “இனிமே எல்லாமே இ-சிம்தாம்ப்பா” என்று அப்பாவிடம் விளக்குகிறார், அப்பாவின் போனிலேயே பேசிக்கொண்டு.

உணவகத்தில் பேப்பர் ரோஸ்ட் கேட்பவரின் மனநிலை இதற்கு மிக நெருங்கியது: சாதாரண தோசையைவிட மாவு குறைவு, விலை கூடுதல், வயிறு நிறையாது, ஆனால் அது மேசைக்கு வரும்போது நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒல்லிபேசியாருக்கு உண்மையான துயரம் வருவது, அதே ரோஸ்ட் தெருமுனைத் தள்ளுவண்டியிலும் கிடைக்கத் தொடங்கும்போதுதான். ஐபோன் ஏர் வந்த அதே செப்டம்பரில் டெக்னோ நிறுவனம் 5.95 மி.மீ. தடிமனில் போவா ஸ்லிம் என்ற பேசியை இந்தியாவில் இருபதாயிரம் ரூபாய்க்கு வெளியிட்டது. அதன் மின்கலம் 5,160 அலகு. மற்றக் கூறுகளில் இரண்டும் ஒப்பிடத்தக்கவை அல்ல என்பது உண்மையே; ஆனால் மற்றக் கூறுகள் பொருட்டல்ல என்று இதுவரை வாதிட்டவர் ஒல்லிபேசியாரே ஆதலால், இப்போது அவற்றின் பெருமையை எடுத்துச் சொல்ல அவருக்கு வாய் வருவதில்லை. “அது வேற, இது வேற” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இவ்வினத்தின் எதிர்காலம் மின்கல வேதியியலைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. இன்றைய மின்கலத்தின் ஒரு முனை கிராஃபைட்டால் ஆனது. அதில் ஒரு லித்தியம் அணுவைத் தாங்க ஆறு கார்பன் அணுக்கள் வேண்டும். சிலிக்கானின் ஓர் அணுவோ நான்கு லித்தியம் அணுக்கள் வரை தாங்கவல்லது, ஆகவே அதே இடத்தில் கூடுதல் மின்னூட்டம் அடங்கும். ஆனால் நிறைந்ததும் அது மும்மடங்குக்கு மேல் உப்பி, வடியும்போது சுருங்கி, நாளடைவில் நொறுங்கிவிடும். சிலிக்கானைக் கார்பனோடு கலந்து இந்த உப்பலை அடக்கிய மின்கலங்களைச் சீன நிறுவனங்கள் 2023 முதல் சந்தைக்குக் கொண்டுவந்துள்ளன. ஹானர் நிறுவனத்தின் மேஜிக் 5 புரோ அவற்றுள் முற்பட்டது. 2016இல் தீப்பிடித்த நோட் 7 பேசிகளைத் திரும்பப் பெற்ற சாம்சங் இதில் மெல்ல அடியெடுத்து வைப்பது புரிந்துகொள்ளக்கூடியதே.

ஒல்லி உடல் எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்குச் சரியான விடை மடிபேசியில் கிடைக்கிறது. நடுவில் கீல் வைத்துப் புத்தகம்போல் மூடும் பேசியில் இரண்டு பாதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஒவ்வொரு பாதியும் மெலிந்தே தீர வேண்டும். 2025 ஜூலையில் வந்த கேலக்ஸி இசட் ஃபோல்டு7 விரித்த நிலையில் 4.2 மி.மீ., மூடினால் 8.9 மி.மீ. முன்னாண்டு ஹுவாவே நிறுவனம் வெளியிட்ட மும்மடிப்புப் பேசியின் மிக மெல்லிய பகுதி 3.6 மி.மீ. மட்டுமே. அதற்கும் கீழே போவது கடினம். மின்னேற்றும் செருகியை ஏற்கும் யுஎஸ்பி-சி வாயின் உயரமே ஏறத்தாழ இரண்டரை மி.மீ., அதற்கு மேலும் கீழும் சுவர் வேண்டும். ஏரின் செருகுவாயை ஆப்பிள் டைட்டானியத்தில் முப்பரிமாண அச்சு முறையில் செய்ததும் இந்த நெருக்கடியால்தான். இத்திறன்களையெல்லாம் நிறுவனங்கள் பழகிக்கொள்வதற்கான செலவில் ஒரு பங்கைத் தவணை முறையில் செலுத்திவருபவர் ஒல்லிபேசியார்.

ஆகவே அவருடைய அடுத்த பேசி மடிபேசியாக இருக்கும் என்று துணிந்து சொல்லலாம். மூடினால் ஏறக்குறைய 9 மி.மீ. இருக்கும் ஒன்றை ஒல்லி என்று எவ்வாறு கொள்வது என்ற வினாவுக்கு அவரிடம் விடை ஆயத்தமாக உள்ளது: அதை அவர் மூடவே போவதில்லை. பழையதை மாற்றிக் கழிவு பெறுவதற்காகக் கடைக்குச் செல்லும் நாளில், அங்குள்ள இளைஞர் ஒரு படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திரை வேலை செய்கிறதா, மூலையில் நசுங்கல் உண்டா, மின்கலத்தின் நலம் எத்தனை விழுக்காடு என்று வரிசையாகக் கேட்டுக் குறிக்கிறார். தடிமனுக்கு அதில் கட்டம் இல்லை. “தம்பி, இது 5.6 மி.மீ., பார்த்துப் போடுங்க” என்கிறார் ஒல்லிபேசியார். இளைஞர் பேசியைத் திருப்பி, மேட்டைத் துடைத்து, கீறலைக் குறித்துக்கொண்டு கேட்கிறார்: “பாக்ஸும் கேபிளும் இருக்கா சார்?”