கொதித்தாலும் போகாது

கேள்வி: நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்று பயமுறுத்துகிறார்களே, நன்றாகக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா? (வாசகி, ஹவுரா)

பதில்: போதாது அம்மா. கொதித்தால் கிருமி சாகும், ஆர்சனிக் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட விஷம் இன்னும் அடர்த்தியாகும். நிறமோ மணமோ ருசியோ இல்லாத எமன் இது. உள்ளங்கை சொரசொரவென்று காய்த்துப்போன பிறகுதான் ஆளைக் காட்டும். மேற்கு வங்காளத்தில் 1983-இல் தோல் நோயாளிகளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

மருந்துக்கு நீங்கள் ஹவுராவைத் தாண்ட வேண்டாம். அங்குள்ள ஷிப்பூர் பொறியியல் கல்லூரி, அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 1990-களிலேயே அடிகுழாயோடு ஓர் உருளையைப் பொருத்தியது. உள்ளே அலுமினா மணிகள். அடித்த தண்ணீர் காற்றுப் பட்டதும், அதிலுள்ள இரும்பு துருவாகி ஆர்சனிக்கில் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும். மிச்சத்தை மணிகள் பிடித்துக்கொள்ளும். மின்சாரமே வேண்டாம். மணிகள் களைத்துப்போனால் காஸ்டிக் சோடாவில் கழுவி மறுபடி போடலாம். 2007-இல் இதற்கு அமெரிக்காவின் கிரெய்ஞ்சர் போட்டியில் வெள்ளிப் பரிசு கிடைத்தது. கழுவிய கழிவைக் குளத்தில் கொட்டிவிட்டால் மட்டும் பட்ட பாடெல்லாம் வீண்.

லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. உங்கள் குழாய்த் தண்ணீரை இந்த வாரமே சோதனைக்குக் கொடுங்கள்.