அப்ரூவல் அண்ணாச்சி

ஊரில் யாராவது ஒரு லோடு எம்-சாண்ட் இறக்கினால் போதும், டிப்பர் திரும்புவதற்குள் அண்ணாச்சி அங்கே நிற்பார். "என்னடே, பிளான் அப்ரூவல் வாங்கியாச்சா?" வாங்கியாச்சு என்றால் முகம் வாடிவிடும். இல்லை என்றால், உட்கார ஒரு நாற்காலி கேட்பார்.

அண்ணாச்சி அரசு ஊழியர் இல்லை, இன்ஜினியரும் இல்லை. எந்தக் காலத்திலோ தன் வீட்டுக்குப் பஞ்சாயத்தில் அனுமதி வாங்கினார். அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து கக்கத்து ரெக்சின் பையில் வைத்துக்கொண்டு இன்றுவரை காலம் தள்ளுகிறார். தெக்கத்திப் பக்கம் பஞ்சாயத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பார்.

முன்பெல்லாம் கிராமத்தில் இந்தத் தொழிலுக்கு வேலையே கிடையாது. கொத்தனார் சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போடுவார், அதுதான் பிளான். வீடு கட்டி, பால் காய்ச்சி, ஆற அமர வீட்டு வரி ரசீது வாங்கிக்கொள்வார்கள். வீட்டுக் கடன் கொடுக்கிறேன் என்று வங்கிக்காரர்கள் வந்தார்கள், வந்ததும் அப்ரூவ்டு பிளானைக் கேட்டார்கள். அண்ணாச்சிக்கு அன்று பிறந்தது வாழ்வு.

அவருடைய உண்மையான திறமையை அளவில்தான் பார்க்க வேண்டும். கேலியாகச் சொல்லவில்லை. ஒரே மனை பத்திரத்தில் 3 சென்ட், பட்டாவில் 1.21 ஏர், பிளானில் 121 சதுர மீட்டர், கொத்தனார் வாயில் 1,306 சதுர அடி. படித்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் போன் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு திணறுவார்கள். அண்ணாச்சி கண்ணை மூடி, கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணி, நாலும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதன் பிறகு புலப்படத்தின் ஜெராக்ஸைப் பிரிப்பார். அது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது, பாதிக் கோடுகள் ஊகம். வடக்கைத் தேடி அதை ஒரு சுற்றுச் சுற்றுவார், அகப்படாவிட்டால் தானே ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார்.

"பட்டா யார் பேர்ல கெடக்கு?"

"தாத்தா பேர்ல, அண்ணாச்சி."

"தாத்தா?"

"செத்து இருவது வருசம் ஆச்சு."

இந்தப் பதிலைக் கேட்டதும் அண்ணாச்சிக்கு வருகிற மலர்ச்சி இருக்கிறதே, வாரிசுகளுக்குக்கூட அப்படி வந்திருக்காது. வாரிசுச் சான்று, பெயர் மாற்றம், உட்பிரிவு, வில்லங்கச் சான்று என்று ஆறு மாதத்துக்கு டீயும் வடையும் உறுதி. ஆதாரில் ஒரு இனிஷியல், பத்திரத்தில் வேறு இனிஷியல் என்றால் இன்னொரு மாதம் கூடும்.

மனை அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டில் இருந்தால் பேச்சே வேறு. தன் கல்யாண நாளை மறந்தாலும் 20.10.2016-ஐ அவர் மறக்க மாட்டார். அந்தத் தேதிக்கு முன் விற்ற மனைகளுக்குத்தான் வரன்முறை. பத்திரத்தைப் புரட்டித் தேதியைப் பார்க்கும்வரை மூச்சு விட மாட்டார், நம்மையும் விட விட மாட்டார்.

செலவு என்று வந்தால் குரல் தணியும். "நான் ஒரு பைசா தொட மாட்டேன்டே. அங்க கேப்பாங்க." 'அங்க' என்னும்போது மோவாய் தெற்கே போகும். பஞ்சாயத்து ஆபீஸ் இருப்பது வடக்கே. தெற்கே இருப்பது அண்ணாச்சி வீடு.

பிளான் வரைவதென்னவோ டவுன் இன்ஜினியர்தான். காகிதத்தில் வரும் அந்த வீட்டைப் பார்த்தால் எனக்கே குடியேற ஆசை வரும். நாலு பக்கமும் இடம் விட்டிருக்கும், மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கும், மூலைக்கு ஒரு மரம் நிற்கும். நிலத்தில் எழும்புகிற வீட்டின் சன்ஷேடோ பக்கத்து வீட்டு சன்ஷேடோடு கை குலுக்கிக்கொண்டிருக்கும், படிக்கட்டு தெருவில் இறங்கியிருக்கும். கேட்டால், "பிளான் ஆபீசுக்கு, வீடு நமக்கு" என்பார் அண்ணாச்சி. இதில் மட்டும் எனக்கு அவரோடு சண்டை உண்டு. விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டிவிட்டு, ஐப்பசி மழையில் இரண்டு வீட்டுச் சுவரும் ஊறும்போது ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்கிறோம்.

2024 ஜூலை 22 அன்று அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுவதானால், ஆன்லைனில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி என்று அப்போது அறிவித்தார்கள். முன்கூட்டி வந்து பார்ப்பதெல்லாம் கிடையாது. நல்ல திட்டம். அண்ணாச்சி மட்டும் இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். "அவனவன் தனக்குத் தானே சான்று குடுத்துக்கிட்டா, பெரியவங்கன்னு ஊர்ல எதுக்கு இருக்கோம்?"

ஆனால் தொழில் படுக்கவில்லை. கம்ப்யூட்டரும் பட்டாவைத்தானே கேட்கிறது? இப்போது அவர் பிரவுசிங் சென்டரில், தட்டச்சு செய்யும் பெண்ணுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருக்கிறார். வீடு கட்டுகிறவர் சவுதியில் இருப்பார், ஓடிபியும் அங்கேதான் போகும். "தம்பி, ஆறு நம்பர் வந்திருக்கும், சட்டுனு சொல்லு" என்று அண்ணாச்சி கத்துகிற கத்தலுக்குப் போனே தேவையில்லை. ஆறு சென்ட்காரர்கள்மேல் அவருக்குத் தனிப் பாசம். ஆறு சென்ட் என்பது 2,613 சதுர அடி, சுயசான்றுக்குள் அடங்காது.

நீங்கள் வீடு கட்டப் போகிறீர்களா? பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், சர்வே எண், அளவு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போனால் நீங்களே விண்ணப்பித்துவிடலாம். போகாவிட்டால் அண்ணாச்சியைப் போய்ப் பாருங்கள், காலையில் டீக்கடையில்தான் இருப்பார். டீக்காசு உங்களுடையது.